கிளாக்கர் ஐயா வாசிக்காமல் விட்ட பக்கம்

செய்தி ஒரு திங்கட்கிழமை காலை வந்தது. புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், அஜின்கோர்ட்டில் மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில், அகதிகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் எங்கள் சிறிய அலுவலகத்தில், யாரோ ஒருவருடைய வாடகைப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் கிளாக்கர் ஐயாவின் மருமகள். "அக்கா, மாமா விடியக்காலமை போயிட்டார்" என்றார். அவர் அழவில்லை. நானும் அழவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது கோபம். அந்த மனிதரோடு எனக்கு முடியாத சண்டை ஒன்று இருந்தது. அதை முடிக்காமலே அவர் போய்விட்டார்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அருளம்பலம் என்ற அவருடைய பெயர் தெரியாதவர்களுக்கும் கிளாக்கர் ஐயாவைத் தெரியும். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் வன்னியில் ஒரு கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராகவும் துரைக்கு மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர். மனைவி இறந்தபின் பிக்கரிங்கில் இருக்கும் மகனிடம் வந்தார். வாரத்தில் மூன்று நாள் மகன் வேலைக்குப் போகும் வழியில் அவரை எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போவார். சம்பளம் இல்லாமல் ஐந்து வருடம் எங்களோடு வேலை செய்தார். உங்கள் அகதிக் கோரிக்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். வலப்பக்கம் சரிந்த அழகான கையெழுத்து ஒன்று இருந்தால் அது அவருடையது.

மலர்ச்சாலையில், உடலைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில், அவருடைய படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் துணியை விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளி மணிக்கூட்டை, பழைய கடிகாரத்தை, வைத்திருந்தார்கள். முதியோர் சங்கத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளைக்காரத் துரையே கூப்பிட்டுப் பரிசளித்த விசுவாசமான உத்தியோகத்தர்" என்று முழங்கினார். இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். செத்தவீட்டில் கைதட்டலை அன்றுதான் முதல்முதல் கேட்டேன். எழும்பிப் போய் அந்த மணிக்கூட்டைத் தூக்கி வெளியே பனிக்குள் எறிந்துவிட்டு வரவேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்தியேட்டியன்று கல்வெட்டுக் கொடுத்தார்கள். முப்பத்தோராம் நாள் நாங்கள் அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்குக் கல்வெட்டு என்றுதான் பெயர். வம்சாவளி இருந்தது. விருத்தப்பாக்கள் இருந்தன. பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு பக்கங்கள் இருந்தன. கிளாக்கர் ஐயா தன் கையால் எழுதி, இது என் கல்வெட்டில் வரவேண்டும் என்று மகனிடம் ஒன்றும் என்னிடம் ஒன்றுமாகக் கொடுத்து வைத்த பக்கம் மட்டும் இல்லை. அது வரவேண்டிய இடத்தில் மணிக்கூட்டின் வண்ணப்படம் இருந்தது. நான் இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

முதலில் அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் கூட்டம் படிக்கட்டுவரை நிற்கும். நான் ஐந்து படிவம் நிரப்பும் நேரத்தில் ஐயா ஒன்றை நிரப்புவார். எழுதி முடித்ததும் கையெழுத்து வாங்கமாட்டார். ஆங்கிலத்தில் எழுதியதை ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லி, "விளங்கினதோ? இப்ப நீர் எனக்குத் திருப்பிச் சொல்லும்" என்பார். வந்தவர் திருப்பிச் சொல்லவேண்டும். தடுமாறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். "ஐயா, இது பள்ளிக்கூடமோ?" என்று ஒருநாள் நான் பொறுமையிழந்து கேட்டேன். "பள்ளிக்கூடமெண்டால் பெயில் விட்டாலும் அடுத்த வருசம் எழுதலாம் பிள்ளை" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒருமுறை கொழும்பிலிருந்து புதிதாக வந்த ஒரு தகப்பன் விமான நிலையத்தில் கொடுத்த கடுதாசி ஒன்றோடு வந்தார். குழந்தையின் கையில் பயம் தீரப் போட்டிருந்த யானைமுடிக் காப்பைச் சுங்க அதிகாரிகள் கழற்றி எடுத்துவிட்டார்கள். "நாங்கள் என்ன ஆனை வியாபாரமோ செய்யிறம்?" என்று அவர் கொதித்தார். நான் சிரித்துவிட்டேன். ஐயா சிரிக்கவில்லை. அந்தக் கடுதாசியைக் கையில் வாங்கினார். முழுவதையும் வாசித்து, விளக்கி, காப்பைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். ஆள் போனபின் என்னிடம், "சட்டம் பிழையில்லைப் பிள்ளை. ஆனையைக் காக்கத்தான் வேணும். ஆனால் அந்தச் சட்டம் முதல்ல ஆரின்ர கையைப் பிடிக்குது எண்டு பார்" என்றார். வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அதற்கடுத்த மாரிகாலத்தில் நான் செய்த காரியத்தையும் எழுதவேண்டும். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். அவருடைய பெயரை எழுத எனக்கு உரிமையில்லை. அன்றைக்குள் படிவம் போய்ச் சேரவேண்டும். அவர் அழுது அழுது சொன்னதை வேகமாக எழுதினேன். கடைசிப் பக்கத்தில், "இது அவருக்கு வாசித்து விளக்கப்பட்டது" என்ற வசனத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை அவரிடம் நீட்டினேன். பக்கத்து மேசையிலிருந்து ஐயாவின் குரல் வந்தது.

"பிள்ளை, நீ வாசிச்சுக் காட்டினனியோ?"

"நேரம் போயிட்டுது ஐயா. அவ சொன்ன கதைதானே, அவவுக்குத் தெரியாதோ?"

அவர் எழும்பி வந்தார். படிவத்தை என் கையிலிருந்து பறித்தார். அவ்வளவு மெலிந்த மனிதருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. அந்தப் பெண்ணின் எதிரில் இருந்து வசனம் வசனமாக வாசித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினார். மூன்றாவது பத்தியில், "ஆமி பிடிச்சுக்கொண்டு போன பிறகு என்ர புருசன் செத்திட்டார்" என்று வந்தது. அந்தப் பெண் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"ஆர் சொன்னது அவர் செத்திட்டார் எண்டு? நான் சொன்னனானோ? கொண்டுபோனவங்கள், இன்னும் காட்டேல்லை எண்டுதானே சொன்னனான்! அவர் வருவார்!"

நான்தான் அப்படி எழுதியிருந்தேன். அவர் சொன்ன விதத்தைக் கேட்டு, மனிதர் செத்திருப்பார் என்று நானே முடிவுகட்டி, ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் அவரைக் கொன்றுவிட்டேன். அந்தப் படிவம் அப்படியே போயிருந்தால், நாளைக்கு அவர் உயிரோடு வந்து நின்றாலும் அந்தப் பெண்ணால் அவரை இந்த நாட்டுக்குக் கூப்பிட முடியாது. பொய்க்காரி என்று இவருடைய கோரிக்கையையே தள்ளியிருப்பார்கள். ஐயா அந்தப் பக்கத்தையும் என் கையெழுத்திருந்த கடைசிப் பக்கத்தையும் கிழித்தார். புதிதாக எழுதி, வாசித்து, திருப்பிச் சொல்லவைத்து, கையெழுத்து வாங்கி அனுப்பினார்.

அன்று மத்தியானம் இருவரும் சாப்பிடாமல் இருந்தோம். சாப்பாட்டுப் பெட்டியை மூடியபடியே முன்னால் வைத்துக்கொண்டு அவர் முதிரைமோட்டை என்ற ஊரின் கதையைச் சொன்னார்.

இரண்டாம் உலக யுத்தகாலம். அரசாங்கம் காட்டை ஊடறுத்து ஒரு ரோட்டுப் போடத் தீர்மானித்திருந்தது. வரைபடத்தில் துரை கோடு கிழித்த இடத்தில் முதிரைமோட்டையின் குளக்கட்டும் வயலும் இருந்தன. ஊர் என்று சொல்ல முப்பது குடிசைகூட இல்லை. ஆனால் அந்தச் சனம் மசியவில்லை. "குளக்கட்டை வெட்டினால் குளம் போகும், குளம் போனால் நாங்கள் போகவேண்டியதுதான்" என்று கதிரன் என்ற பெரியவர் துரையின் முகத்துக்கு நேரே சொன்னார். அதை ஆங்கிலத்தில் சொன்னது இளம் மொழிபெயர்ப்பாளர் அருளம்பலம். துரை கோபப்படவில்லையாம். தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனாராம்.

அடுத்த கிழமை காட்டுமிருகச் சட்டம் ஊருக்குள் வந்தது. மான்கொம்பும் மரைத்தோலும் அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது என்ற சட்டம் அதற்கு முன்பும் இருந்ததுதான். ஒருவரும் அந்தக் காட்டுக்குள் வந்து பார்த்ததில்லை. காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொம்பைப் பொறுக்கிக் கரையோர வியாபாரியிடம் கொடுத்து உப்பும் துணியும் வாங்குவது அந்த ஊரின் வழக்கம். ஒரே நாளில் ஒன்பது ஆம்பிளைகளைப் பிடித்தார்கள். தண்டம் கட்ட ஒருவரிடமும் வழியில்லை. மறியலுக்கு, அதாவது சிறைக்கு, அனுப்பினார்கள். மறியல்காரருக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? அதே ரோட்டுக்குக் கல் உடைப்பது.

"துரையின்ர பங்களா விறாந்தையில மரைத்தலை நாலு தொங்கினது. குடை வைக்கிறதுக்கு ஆனைக்கால் ஒண்டு இருந்தது" என்றார் ஐயா. "அதுக்கெல்லாம் லைசன் இருந்தது. லைசன் எழுதினது நான்தான்."

ரோட்டுக்கு ஒரு கோப்பு, மிருகச் சட்டத்துக்கு ஒரு கோப்பு. துரை இரண்டையும் ஒன்றாகக் கட்டச் சொன்னார். ஐயா கட்டினார். பிறகு ஒரு கடிதம் தயாரானது. இரண்டு பக்கம், ஆங்கிலம். முதல் பக்கத்தில் மறியலில் இருக்கும் ஒன்பது பேரையும் விடுவிப்பதாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் குளத்தையும் வயலையும் ரோட்டுக்கு விட்டுக்கொடுத்து ஊரார் வேறு இடத்துக்குப் போகச் சம்மதிப்பதாக இருந்தது. புளியமரத்துக்குக் கீழே மேசை போட்டு ஐயா முதல் பக்கத்தைத் தமிழில் வாசித்தார். பெண்கள் அழுது கும்பிட்டார்கள். துரை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐயா இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, பெருவிரல் வைக்கும் இடத்தைக் காட்டினார். எல்லோரும் வைத்தார்கள். கதிரனும் வைத்தார். கீழே, "இவர்களுக்கு வாசித்து விளக்கப்பட்டது" என்று எழுதி ஐயா கையெழுத்துப் போட்டார்.

மறியலில் இருந்த ஒன்பது பேரும் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு மாதத்தில் அரசாங்க ஆட்கள் குளக்கட்டை வெட்டினார்கள். கதிரன் காட்டுவழியே நடந்து கச்சேரிக்கு வந்து, மேசைக்கு முன்னால் நின்று, "தம்பி, நீ வாசிச்ச கடுதாசியில இது இருந்ததோ?" என்று கேட்டார். ஐயா, "ஓம், இருந்தது" என்றார். கதிரன் தனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அந்த வருடமே அந்தச் சனம் திக்குத்திக்காய்ச் சிதறியது. ரோட்டுத் திறந்த அன்று துரை ஐயாவைக் கூப்பிட்டு வெள்ளி மணிக்கூட்டைக் கொடுத்தார்.

இதைக் கேட்டபோது எனக்கு இரக்கம் வரவில்லை. இப்போதும் வரவில்லை. ஒரு ஊரின் வாயில் மான்கொம்பை வைத்து அடைத்துவிட்டு, அதற்கு மிருகநேசம் என்று பெயர் வைத்த அந்த அரசாங்கத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் ஒருபக்கம். எதிரில் இருந்த மனிதர்மேல் வந்தது அதைவிடப் பெரிது. "அந்த மனுசன் காடு கடந்து நடந்து வந்து உங்களிட்டைக் கேட்டவர். அப்பவாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கக்கூடாதோ?" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பயம் பிள்ளை. வேலை போயிடும் எண்ட பயம்."

"வெள்ளைக்காரன் போய் ஐம்பது வருசமாகுது. பிறகும் பயமோ?"

"பிறகு வெக்கம்" என்றார். சாப்பாட்டுப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, "அண்டைக்கு அவங்கள் சுடுறதுக்குத் துவக்குக் கொண்டு வரேல்லை. என்னைக் கொண்டு வந்தவங்கள். அதுவே போதும் எண்டு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது" என்றார். அந்த ஒன்றைத் தவிர வேறு எந்தச் சமாதானமும் அவர் சொன்னதில்லை.

அதன்பின் பல மாதம் அவரோடு வேலைக் கதை மட்டுமே பேசினேன். ஆனால் ஒவ்வொரு படிவத்தையும் வாசித்துக் காட்டினேன். வரிசை படிக்கட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது. சனம் என்னைத் திட்டியது. ஐயா தன் மேசையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் ஆடி பிறக்குமுன் ஹொங்கொங்கில் பிரித்தானியக் கொடியை இறக்கியதை, எங்கள் அலுவலகம் இருக்கும் பிளாசாவில் சீனக் குடும்பம் ஒன்று நடத்தும் கடையின் தொலைக்காட்சியில் பார்த்தோம். கடைக்குள் நிற்க இடமில்லை. வாத்தியம் வாசித்தார்கள், மழை பெய்தது, தேசாதிபதி கண்கலங்கினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலரும் கண்ணைத் துடைத்தார்கள். ஐயா என் காதருகில், "கொடியை வடிவா மடிச்சுக் கொண்டு போறாங்கள். பைல்களை என்ன செய்தவங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கிறாங்கள் இல்லை" என்றார். அந்தக் கிழமைதான் அந்தப் பக்கத்தை எழுதினார். அதை அவர் எழுதியபடியே இங்கே தருகிறேன்.

"வன்னியில் முதிரைமோட்டை என்று ஒரு ஊர் இருந்தது. அந்த ஊரின் குளத்தையும் வயலையும் ரோட்டுக்கு விட்டுக்கொடுக்கும் கடிதத்தை நான் ஊராருக்கு முழுவதும் வாசித்துக் காட்டவில்லை. காட்டியதாகக் கையெழுத்திட்டேன். கதிரன் என்பவர் நேரில் வந்து கேட்டபோது பொய் சொன்னேன். வெள்ளி மணிக்கூடு எனக்கு இதற்காகக் கிடைத்தது. அவர்கள் சம்மதிக்கவில்லை. இது உண்மை. அருளம்பலம்."

அதை வாசித்துவிட்டு, "இதை ஏன் செத்தபிறகு போடவேணும்? இப்பவே பேப்பரில போடுவம், ஆராவது அந்த ஊர்ச் சனம் இஞ்சையும் இருக்கலாம்" என்றேன். அவர் மறுத்தார். மகனுக்குத் தலைகுனிவு, தான் போனபின் வரட்டும் என்றார். இதுதான் எங்கள் முடியாத சண்டை. ஒவ்வொரு வியாழனும் கேட்டேன். ஒவ்வொரு வியாழனும் மறுத்தார். ஐயா, இப்போதும் சொல்கிறேன், அதில் நீங்கள் செய்தது பிழை. கடைசிவரை பயந்தீர்கள். நீங்கள் பயந்ததால் உங்கள் பக்கம் மற்றவர்களின் கைக்குப் போய், அவர்கள் அதன் இடத்தில் மணிக்கூட்டைப் போட்டார்கள்.

ஒருவரைப் பற்றி எழுதினால் அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்பது ஐயாவின் சட்டம். அவருக்கு இனி வாசித்துக் காட்ட முடியாது. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை பகல் இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு பிக்கரிங்குக்குப் போனேன். மகன் என்னை உள்ளே கூப்பிட்டார். மருமகள் தேத்தண்ணி வைத்தார். மணிக்கூடு கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. ஒவ்வொரு பத்தியாக வாசித்து நிறுத்தி, விளங்கியதா என்று கேட்டேன். முதல் இரண்டு தரம் "ஓம்" என்றார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார். ஐயா எழுதிய பக்கத்தின் வரிகள் வந்தபோது முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

முடிந்ததும், "அக்கா, என்ர பிள்ளையள் அவரைக் கும்பிடுதுகள். செத்த மனுசன்ர பேரை ஏன் நாறடிக்கிறியள்?" என்றார்.

"அவர் தன்ர கையால எழுதினது தம்பி. நான் ஒரு எழுத்தும் கூட்டேல்லை."

"அந்த ஊரும் இப்ப இல்லை, அந்தச் சனமும் இல்லை. ஆருக்காக இது?"

"இல்லாமல் போச்சுதெண்டால், போகப்பண்ணினது ஆர் எண்டு ஒரு இடத்திலயாவது எழுதியிருக்க வேணும்."

அவர் எழும்பிப் போய்க் கண்ணாடி அலுமாரியின் முன்னால் நின்றார். பிறகு தன் பெயர் வரக்கூடாது என்றார். அது நியாயம். அதனால் எழுதவில்லை. முதிரைமோட்டை என்ற பெயரையும் எடுத்துவிடச் சொன்னார். முடியாது என்றேன். வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டார். மருமகள் மட்டும், "கவனமாய்ப் போங்கோ அக்கா" என்றார்.

கிளாக்கர் ஐயாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு பக்கமும், அவர் தன் பிழையிலிருந்து பிடித்துக்கொண்ட பழக்கமும்தான். இரண்டையும் விடமாட்டேன். ஆகவே அவருடைய இடத்திலிருந்து, அவர் அன்று புளியமரத்தடியில் எழுதியிருக்கவேண்டிய விதத்தில், இதன் கீழே எழுதிக் கையெழுத்திடுகிறேன். இந்தக் கட்டுரை, பிக்கரிங்குக்குப் போன அன்றுவரை எழுதியது, அவருடைய மகனுக்கு முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டப்பட்டது. விளங்கியது என்றார். சம்மதமில்லை என்றார்.